மால்கம் மார்ஷல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பரில் மெல்போர்னில் பும்ரா தன் 200-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது அவருடைய சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறையக் குறைய நல்லது) 20-க்குக் கீழே இருந்தது. 200 விக்கெட் தாண்டிய வேறு எவருக்கும் அப்படி ஒரு சராசரி இல்லை. அதுவரை அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தவர் வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல், 20.94. அவரைப் பார்த்திராத தலைமுறை இப்போது அவரைப் பற்றிக் கேட்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

மார்ஷல் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மால்கம் டென்சில் மார்ஷல், பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் 1958 ஏப்ரல் 18 அன்று பிறந்தார். நண்பர்களுக்கு ‘மேக்கோ’. போலீஸ்காரரான அப்பா, மகனுக்கு ஒரு வயது இருக்கும்போதே சாலை விபத்தில் இறந்துவிட்டார். கையில் மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கியவர் தாத்தா. 1978 முதல் 1991 வரை 81 டெஸ்ட் ஆடி 376 விக்கெட் எடுத்தார். ஓய்வு பெறும்போது வெஸ்ட் இண்டீஸுக்காக அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அவர்தான். சுழற்பந்து வீச்சாளர் லான்ஸ் கிப்ஸ் வைத்திருந்த 309 விக்கெட் சாதனையை முறியடித்து அந்த இடத்துக்கு வந்தார். பின்னாளில் அதே அணியின் வேகப்பந்து வீச்சாளர்கள் வால்ஷும் அம்ப்ரோஸும் எண்ணிக்கையில் அவரைத் தாண்டினார்கள்.

முதல்தர கிரிக்கெட்டில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு டெஸ்ட் அணிக்கு வந்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1978-ல் பார்படோஸுக்காக ஜமைக்காவை எதிர்த்து ஓர் ஆட்டம் ஆடி, ஒரு இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய முன் அனுபவம். அந்தச் சமயம் வெஸ்ட் இண்டீஸின் முதல் வரிசை வீரர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலிய ஊடக அதிபர் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடருக்குப் போய்விட்டதால், இந்தியாவுக்குப் புறப்பட வேண்டிய அணிக்கு ஆள் பஞ்சம். இருபது வயது மார்ஷலுக்கு அப்படித்தான் வாய்ப்புக் கிடைத்தது. 1978 டிசம்பரில் பெங்களூரில் அவருடைய முதல் டெஸ்ட்.

அந்தத் தொடரில் அவர் சோபிக்கவில்லை. மூன்று டெஸ்டில் மூன்றே விக்கெட். பேக்கர் தகராறு தீர்ந்து வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் நால்வரும் திரும்பி வந்ததும், இவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. நிரந்தர இடம் கிடைத்தது 1982-83-ல்தான். இடைப்பட்ட வருடங்களில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு ஆடினார். ஆண்டி ராபர்ட்ஸ் விட்டுப்போன இடம் அது. வாரத்துக்கு ஆறு நாள், ஈரமான பிட்ச், குளிர், வெயில் எல்லாவற்றிலும் வீசி வீசித்தான் கை பழகியது. 1982 சீசனில் மட்டும் 134 விக்கெட்.

அவ்வளவு உயரம் இல்லாதவர் எப்படி அத்தனை வேகமாக வீசினார்?

கார்னர் ஆறடி எட்டங்குலம். மார்ஷல் ஐந்தடி பதினோரு அங்குலம். அந்த அணியின் படங்களைப் பார்த்தால் இவர்தான் பக்கத்தில் நிற்பவரைவிடக் குட்டையாகத் தெரிவார்.

வேகம் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று ஓட்டம். பெரிய உடம்புக்காரர்கள் நிதானமாகத் தொடங்கி வேகம் ஏற்றுவார்கள். மார்ஷல் முதல் சில அடிகளிலேயே ஓட்டப் பந்தயக்காரர் போல ஓடத் தொடங்கிவிடுவார். அதுவும் நேர்க்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக. இன்னொன்று கை. பக்கவாட்டில் திரும்பி வீசும் பழைய பாடப்புத்தக முறை அவரிடம் இல்லை. மார்பு பேட்ஸ்மேனைப் பார்த்திருக்க, கை மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று இறங்கும்.

உயரக் குறைவு அவருக்குப் பலமாகவே ஆனது. உயரமானவரின் பவுன்சர் தலைக்கு மேலே போகும், குனிந்தால் தப்பிக்கலாம். மார்ஷலுடையது பிட்ச்சில் பட்டு வழுக்கிக்கொண்டு நேராகத் தொண்டைக்கு வரும். குனிவதா, விலகுவதா, ஆடுவதா என்று முடிவெடுக்க நேரம் இருக்காது.

வேகத்தை விட்டால் அவரிடம் வேறு என்ன இருந்தது?

என் பார்வையில் மார்ஷலைப் பற்றிப் பேச வேண்டியதே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேகமாக வீசியவர்கள் அந்தக் காலத்தில் பலர். அவரைப் போல யோசித்து வீசியவர்கள் மிகக் குறைவு.

பந்து இரண்டு பக்கமும் ஸ்விங் ஆகும், அதாவது காற்றிலேயே வளையும்; ஆனால் எந்தப் பக்கம் என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவுட் ஸ்விங்குக்கும் இன் ஸ்விங்குக்கும் அதே ஓட்டம், அதே கை. இது போதாதென்று, பிட்ச்சில் பட்டபின் வலது கை பேட்ஸ்மேனை விட்டு விலகும் லெக் கட்டரும் கற்றுக்கொண்டார். ஸ்விங் ஆகாத, எகிறாத பிட்ச்சிலும் விக்கெட் எடுக்க அது உதவியது. திடீரென்று ரவுண்ட் த விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு மறுபக்கமாக, வந்து கோணத்தை மாற்றுவார். பிட்ச் மந்தமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. உலகத்திலேயே வேகமானவர்களில் ஒருவர், தேவைப்பட்டால் மிதவேகப் பந்து வீச்சாளராக மாறத் தயாராக இருந்தார்.

அவருடைய கணக்கைப் பார்த்தால் இது புரியும். சொந்த மண்ணில் 157 விக்கெட், வெளியே 219. இரண்டு சராசரிகளுக்கும் ஒன்றரை ரன்தான் வித்தியாசம். 1989 ஜனவரியில் சிட்னியில் ஒரு டெஸ்ட். சுழலுக்கென்றே அமைந்த பிட்ச்; ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டர் தன் பகுதிநேரச் சுழலில் 11 விக்கெட் எடுத்து ஆட்டத்தை வென்றார். அதே பிட்ச்சில் மார்ஷல் 29 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். தோற்ற ஆட்டம் என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை. அவருடைய மிகச் சிறந்த பந்துவீச்சுகளில் அதுவும் ஒன்று என்பேன்.

கையில் மாவுக்கட்டோடு 7 விக்கெட் எடுத்த கதை?

1984, இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். முதல் நாள் காலையிலேயே கல்லியில் (ஸ்லிப்புக்குப் பக்கத்து ஃபீல்டிங் இடம்) நின்று கிறிஸ் பிராட் அடித்த பந்தைத் தடுக்கப் போய், இடது கைக் கட்டைவிரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இனி இந்த ஆட்டத்தில் இவர் இல்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வெஸ்ட் இண்டீஸ் ஆடும்போது 290 ரன்னில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. லாரி கோம்ஸ் 96 ரன்னோடு நின்றார். இன்னிங்ஸ் முடிந்துவிட்டது என்று எதிரணி கிளம்பத் தொடங்கிய நேரத்தில், கட்டுப் போட்ட இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மார்ஷல் இறங்கி வந்தார். ஒரே கையில் மட்டையைப் பிடித்து ஆடினார். கோம்ஸ் சதம் அடித்தார். மார்ஷலும் ஒற்றைக் கையாலேயே ஸ்லிப் பக்கமாக ஒரு பவுண்டரி தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அத்தோடு விட்டிருந்தாலே ஒரு நல்ல கதை. அப்புறம் முழங்கை வரை கட்டோடு புதுப் பந்தை எடுத்தார். அன்று அவர் முழு வேகத்தில் வீசவில்லை. பந்தைக் கொஞ்சம் மேலே போட்டு ஸ்விங்கையும் பிட்ச்சையும் நம்பினார். 26 ஓவர், 9 மெய்டன், 53 ரன், 7 விக்கெட். கிரேம் ஃபௌலரை வலது கையால் தானே கேட்ச் பிடித்தும் அவுட்டாக்கினார். இங்கிலாந்து 159 ரன்னுக்குச் சுருண்டது. அந்தத் தொடரை வெஸ்ட் இண்டீஸ் 5-0 என்று வென்றது. அடுத்த டெஸ்டில் அவர் ஆட முடியவில்லை. கடைசி டெஸ்டில் ஓவலுக்குத் திரும்பி வந்து இன்னொரு ஐந்து விக்கெட் எடுத்தார்.

1983 உலகக் கோப்பை இறுதியில் அவர் ஆடினாரா?

ஆடினார், நன்றாகவும் வீசினார்: 11 ஓவரில் 24 ரன்னுக்கு 2 விக்கெட். கடைசி ஆட்டக்காரர்களில் ஒருவரான பல்விந்தர் சந்துவின் ஹெல்மெட்டில் பட்ட பவுன்சர் இவருடையதுதான். அதன் பிறகு 184 ரன் இலக்கைத் துரத்தும்போது 76-க்கு 6 விக்கெட் போன நிலையில், கீப்பர் டூஜானோடு சேர்ந்து 43 ரன் சேர்த்து இந்தியாவைக் கொஞ்சம் பயமுறுத்தினார். மொஹிந்தர் அமர்நாத் முதலில் டூஜானையும் பிறகு இவரையும் வெளியேற்றினார். மற்றது நமக்கெல்லாம் தெரியும்.

அந்தத் தோல்விக்குப் பிறகு இந்தியா வந்து பழி தீர்த்தார்களாமே?

1983 அக்டோபரில் வந்தார்கள். ஆறு டெஸ்ட், ஐந்து ஒருநாள். ஒருநாள் தொடர் 5-0, டெஸ்ட் 3-0. மார்ஷல் மட்டும் 33 டெஸ்ட் விக்கெட், ஹோல்டிங் 30.

கான்பூரில் முதல் டெஸ்ட். முதலில் மட்டையால் 92 ரன் அடித்தார். அதுதான் டெஸ்டில் அவருடைய அதிகபட்சம். பிறகு பந்தை எடுத்து முதல் நாலு விக்கெட்டையும் தானே சாய்த்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து எகிறி வந்து கவாஸ்கரின் மட்டையைக் கையிலிருந்தே தட்டிவிட்டது, கேட்ச்சும் ஆனது. கவாஸ்கர் கையிலிருந்து மட்டை விழும் என்று அதற்கு முன் எந்த ரசிகரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் வெஸ்ட் இண்டீஸ் மண்ணிலேயே ஐந்து டெஸ்டில் 598 ரன் குவித்திருந்த மொஹிந்தர் அமர்நாத், இந்தத் தொடரில் ஆறு இன்னிங்ஸில் எடுத்த மொத்த ரன் ஒன்று. அந்தப் பந்துவீச்சின் கடுமையைச் சொல்ல இந்த ஒரு தகவல் போதும்.

கவாஸ்கர் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் மார்ஷலின் பவுன்சர்களை ஹூக் செய்து 94 பந்தில் சதம் அடித்து, பிராட்மேனின் 29 சதத்தைத் தொட்டார். கொல்கத்தாவில் மார்ஷல் பதில் சொன்னார். ஆட்டத்தின் முதல் பந்திலேயே கவாஸ்கர் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் மார்ஷலுக்கு 37 ரன்னுக்கு 6 விக்கெட், இந்தியா 90 ரன்.

சேப்பாக்கத்தில் என்ன நடந்தது?

அந்தத் தொடரின் ஆறாவது, கடைசி டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்தில், 1983 டிசம்பர் கடைசி வாரத்தில். தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது போதும், இந்த முறை நாலாவதாக வருகிறேன் என்று கவாஸ்கர் முடிவு செய்திருந்தார். மார்ஷல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கெய்க்வாட் பூஜ்யம், வெங்சர்க்கார் பூஜ்யம், இரண்டுமே மார்ஷலுக்கு. ஸ்கோர் 0-க்கு 2 விக்கெட் என்றிருக்கும்போது கவாஸ்கர் உள்ளே வந்தார். “நீ எந்த இடத்தில் இறங்கினாலும் ஸ்கோர் பூஜ்யம்தான்” என்று விவியன் ரிச்சர்ட்ஸ் அவரைக் கிண்டல் செய்ததாகச் சொல்லப்படுவது இந்தச் சமயத்தில்தான்.

கவாஸ்கர் 236 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். முப்பதாவது சதம், பிராட்மேனைத் தாண்டியாயிற்று. மன்கட்டின் 231-ஐக் கடந்து இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராகவும் ஆனது. 2001-ல் லக்ஷ்மண் 281 அடிக்கும் வரை அதுதான் நீடித்தது. ஆட்டம் டிரா. அந்த 236-ஐ நாம் இன்றும் கொண்டாடுகிறோம் என்றால், எதிரே மார்ஷல் இருந்ததும் ஒரு காரணம்.

ஆளை அடிக்கவே பந்து போடுவார் என்பது சரியா?

பயமுறுத்த வீசினார், அதை மறைக்க வேண்டியதில்லை. 1984-ல் எட்ஜ்பாஸ்டனில் தன் முதல் டெஸ்ட்டை ஆடிய ஆண்டி லாய்டின் ஹெல்மெட்டில் இவர் பந்து பட்டு, லாய்ட் மருத்துவமனைக்குப் போனார். அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. 1986-ல் ஜமைக்காவில் ஒருநாள் போட்டியில் மைக் கேட்டிங்கின் மூக்கு உடைந்தது. அந்தக் காலத்தில் ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. நாலு வேகப்பந்து வீச்சாளர்கள் நாள் முழுக்க மாறி மாறி வீசுவார்கள். அதைச் சகிக்காத விமர்சகர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதே சமயம், மார்ஷலின் விக்கெட்டுகளில் 71 ‘கேட்ச் டூஜான், பவுல்டு மார்ஷல்’. கீப்பருக்குப் போகும் அந்த விளிம்புகள் பெரும்பாலும் ஸ்விங்கும் கட்டரும் கொடுத்தவை. பவுன்சர் பேட்ஸ்மேனின் காலைப் பின்னால் தள்ளும். விக்கெட்டை அடுத்த பந்து எடுக்கும்.

அவருடைய உச்சக் காலம் எது?

எண்ணிக்கையில் 1983 முதல் 1986 வரை. அடுத்தடுத்து ஏழு தொடர்களில் ஒவ்வொன்றிலும் 21 விக்கெட்டாவது எடுத்தார். தரத்தில் நான் 1988-ஐத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 35 விக்கெட், சராசரி 12.65. அந்தக் கோடையில் இங்கிலாந்து நாலு கேப்டன்களை மாற்றிப் பார்த்தது. ஓல்டு டிராஃபோர்டில் வேகத்துக்கு ஒத்துழைக்காத மந்தமான பிட்ச்சில், வேகத்தைக் குறைத்து, ஸ்விங்கால் மட்டுமே 22 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 93 ரன். டெஸ்டில் அவருடைய சிறந்த பந்துவீச்சு இதுதான். ஓர் ஆட்டத்தில் அவருடைய சிறந்த எண்ணிக்கை, 89 ரன்னுக்கு 11, அடுத்த வருடம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியாவுக்கு எதிராக வந்தது.

ஒருநாள் போட்டிகளிலும் பேட்டிங்கிலும் எப்படி?

136 ஒருநாள் போட்டியில் 157 விக்கெட். நல்ல கணக்கு, ஆனால் அவருடைய பெயர் டெஸ்டால் வந்தது. பேட்டிங்கில் டெஸ்டில் 1810 ரன், 10 அரைசதம். சதம் மட்டும் வாய்க்கவில்லை.

தென்னாப்பிரிக்கா கொடுத்த பணத்தை மறுத்தாரா?

மறுத்தார். நிறவெறி ஆட்சியால் தென்னாப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த காலம். 1983-ல் லாரன்ஸ் ரோ தலைமையில் ஒரு வெஸ்ட் இண்டீஸ் அணி பணத்துக்காக அங்கே போனது. காலின் கிராஃப்ட், சில்வெஸ்டர் கிளார்க் போன்றவர்கள் போனார்கள். ஆயுட்காலத் தடையும் வாங்கினார்கள். மார்ஷலுக்குச் சொல்லப்பட்ட தொகை பத்து லட்சம் டாலர் என்று பரவலாகப் பதிவாகியுள்ளது. அன்றைக்கு ஒரு கிரிக்கெட் வீரர் வாழ்நாள் முழுக்க ஆடினாலும் பார்க்க முடியாத பணம். அவர் போகவில்லை. நிறவெறிச் சட்டங்கள் நீக்கப்பட்டு, தென்னாப்பிரிக்கா மீண்டும் உலகக் கிரிக்கெட்டுக்குத் திரும்பிய பிறகு, 1992-ல் அந்நாட்டின் நேட்டால் மாகாண அணிக்கு ஆடப் போனார். அங்கே அவர் வளர்த்துவிட்ட இளைஞர்களில் ஒருவர் ஷான் பொல்லாக்.

கடைசி டெஸ்ட் எது? அப்புறம் என்ன செய்தார்?

1991 ஆகஸ்ட், ஓவல். ரிச்சர்ட்ஸ், டூஜான், மார்ஷல் மூவருக்கும் அதுவே கடைசி டெஸ்ட். 376-வது விக்கெட் கிரஹாம் கூச். அவர் ஆடிய முதல் தொடரை வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவிடம் இழந்தது; அதற்குப் பிறகு அவர் ஆடிய எந்த டெஸ்ட் தொடரையும் அந்த அணி இழக்கவில்லை.

பிறகு பயிற்சியாளரானார், 1996-லிருந்து வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு. 1999 உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போது பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. செப்டம்பரில், நீண்ட காலம் உடனிருந்த கோனியைத் திருமணம் செய்துகொண்டார். நவம்பர் 4 அன்று பிரிட்ஜ்டவுனில் இறந்தார். வயது 41. ஒரு தலைமுறைக்கே பந்துவீச்சு சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர் அவ்வளவு சீக்கிரம் போனதை வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டின் மிகப் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். அந்த அணி சரிந்துகொண்டிருந்த காலம் வேறு.

பார்படோஸின் கென்சிங்டன் ஓவலில் ஒரு பந்துவீச்சு முனைக்கு அவர் பெயர், எதிர் முனைக்கு கார்னர் பெயர்.

அப்படியானால் எல்லாக் காலத்திலும் சிறந்தவர் அவர்தானா?

300 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் அவரைவிடச் சிறந்த சராசரி யாருக்கும் இல்லை. அம்ப்ரோஸ் 20.99 என்று ஒட்டி நிற்கிறார். கார்னரின் சராசரி 20.97, ஆனால் விக்கெட் 259-தான். ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று பார்த்தால் டேல் ஸ்டெய்னும் வக்கார் யூனிஸும் முந்துகிறார்கள். பும்ரா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒரு எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும்: மறு முனையில் ஹோல்டிங்கோ கார்னரோ அம்ப்ரோஸோ இருக்க, பேட்ஸ்மேன்களுக்கு மூச்சுவிட இடமில்லாத அணியில் அவர் வீசினார். நியூசிலாந்தின் ஹாட்லிக்கு அந்த வசதி இல்லை. அதே சமயம், அவர்களோடு விக்கெட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டும் 376 எடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். எந்த நாடு, எந்த பிட்ச் என்று சொல்லாமல் ஒரே ஒரு வேகப்பந்து வீச்சாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் மார்ஷலைத்தான் எடுப்பேன்.

இப்போது எந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம்?

முதலில் ஹெடிங்லி 1984. யூடியூபில் துண்டு துண்டாகக் கிடைக்கும். அடுத்து கான்பூர் 1983. மூன்றாவதாக ஓல்டு டிராஃபோர்டு 1988. அதைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு பேட்ஸ்மேனின் முன்னங்காலை மட்டும் கவனியுங்கள். முன்னால் வைப்பதா, பின்னால் எடுப்பதா என்று தெரியாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.